பாதிப் பொலன்னறுவை

பம்பலப்பிட்டியிலிருந்து முதல்முறையாகப் பொலன்னறுவைக்குப் போய்வர நினைக்கிறவர்கள், வானுக்குச் சொல்வதற்கு முன்னால் ஓர் ஓட்டோவைப் பிடித்துக் கறுவாத்தோட்டத்துக்குப் போக வேண்டும். காலி வீதியிலிருந்து சிறிது நேர ஓட்டந்தான். அங்கே தேசிய நூதனசாலை இருக்கிறது. பொலன்னறுவையின் ஒரு பகுதி, என் எண்ணத்தில் அதன் பாதி, நூறு வருடங்களுக்கு மேலாக அந்தக் கட்டடத்துக்குள்தான் குடியிருக்கிறது.

1877 இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் அது. கட்டி முடித்தவர் கொழும்பு முஸ்லிம் ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். வாசலில் இருக்கும் ஆலமரத்தையும் படிகளையும் பார்த்துவிட்டு, ராசாக்களின் வாளையும் சிம்மாசனத்தையும் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது வெண்கலங்களை. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் என்ற தொல்பொருள் ஆணையாளர் பொலன்னறுவையின் சிவன் கோயில் இடிபாடுகளைத் தோண்டியபோது மண்ணுக்குள் இருந்து வந்த திருமேனிகள் அவை. நடராசர் வந்தார். பார்வதி வந்தாள். அவர்களோடு நாயன்மாரும் வந்தார்கள்: சம்பந்தர், அப்பர், சுந்தரர், கூடவே மாணிக்கவாசகர். படையெடுப்புக் காலத்தில் யாரோ காப்பாற்றுவதற்காகப் புதைத்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

சுந்தரர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நகை பூண்ட ஒரு வாலிபன். நடந்துகொண்டிருந்தவன் சட்டென்று எதையோ கண்டு நின்றுவிட்டவன் போன்ற உடல். முகத்தில் பக்தி என்று நாம் பழகிய பாவனை இல்லை, வியப்பு இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1914 இல் இந்த நூதனசாலையின் வெளியீடாக இலங்கை வெண்கலங்களைப் பற்றி நூல் எழுதியபோது, உலகத்தின் கவனம் இந்த உருவங்களின் மேல் விழத் தொடங்கியது. இவை சோழ நாட்டில் வார்த்துக் கப்பலில் வந்தவையா, இங்கேயே வார்த்தவையா என்ற விவாதம் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட வேறொன்று பெரிதாகப் படுகிறது. திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் உண்டு. திருகோணமலைக்குச் சம்பந்தரின் பதிகம் உண்டு. பொலன்னறுவைக்குத் தேவாரம் இல்லை. ஆனால் பாடியவர்களே வெண்கலமாக வந்து அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். யாரோ அவர்களை வரவழைத்து, குளிப்பாட்டி, பட்டுச் சாத்தி, அவர்கள் பாடியதை அவர்கள் முன்னாலேயே பாடியிருக்கிறார்கள்.

இதை மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். ஏனென்றால் அங்கே இருப்பது வீடு மட்டும். குடியிருந்தவர்களில் முக்கியமானோர் இங்கே கொழும்பு 7 இல் இருக்கிறார்கள். சில உருவங்கள் பொலன்னறுவையில் உள்ள நூதனசாலையிலும் உண்டு, அது சரி. ஆனாலும் வெறுங் கருவறையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து படிமத்தைப் பார்ப்பதற்கும், படிமத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கருவறை வாசலில் போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வழி பம்பலப்பிட்டிக்காரருக்கு வெகு சுலபம். மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரே வருகிறவர்களுக்கு இது வாய்க்காது.

“அங்க போய் என்ன பார்க்கிறது பிள்ளை? புத்தர் சிலையும் இடிஞ்ச மாளிகையுந்தானே. அந்த வான் காசுக்குக் கோணேஸ்வரம் போய்க் கும்பிட்டிட்டு வரலாமே” என்றார் பெரியம்மா, இப்படி ஒரு பயணம் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தபோது.

“ரெண்டுக்கும் ஹபரணை மட்டும் ஒரே ரோட்டுத்தான் பெரியம்மா. நேரே போனால் கோணேசர். வலப்பக்கம் திரும்பினால் பொலன்னறுவை.”

“அப்ப நேரே போவமே.”

பெரியம்மாவின் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் கோயில்தான். நல்லூர்த் திருவிழா, கதிர்காமம், முன்னேஸ்வரம், கோணேஸ்வரம், மாமாங்கம். இடிந்த ஊரைப் பார்க்கப் போவது என்ற பழக்கம் எங்களிடம் குறைவு. அதற்கு மேலே, பொலன்னறுவை எங்களுக்குப் பாடப்புத்தகத்து ஊர். மழைத்துளியைக் கடலுக்கு விடாத பராக்கிரமபாகு, அவன் கட்டிய சமுத்திரம், ஆட்சி ஆண்டு 1153 முதல் 1186 வரை. சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியாயிற்று. பிறகு அந்த ஊரோடு என்ன தொடர்பு? போர்க்காலத்தில் மட்டக்களப்புக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ போனவர்களுக்கு அது அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம். அந்த ஊரில் இறங்கி நடந்து பார்ப்பது என்ற எண்ணமே ஒரு தலைமுறைக்கு வந்திருக்காது. ஆகவே 60 வயது தாண்டியும் அங்கே போகாத கொழும்புத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பலால் போகாமல் இருந்தவர்கள் இல்லை.

ஆனால் இன்னொரு தலைமுறைக் கொழும்புத் தமிழர் இப்படி இருக்கவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் 1910களின் நடுவில் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில், பொலன்னறுவை வெண்கலங்களையும் சிவ வழிபாட்டின் பொருளையும் பற்றி விரிவாக எழுதினார். மண்ணிலிருந்து வந்த உருவங்களைக் கலைப்பொருளாக மட்டும் பட்டியல் போட்டுவிட விடாமல், இவை இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு வழிபாட்டின் உருவங்கள் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன கட்டுரை அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவருடைய அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன் கொச்சிக்கடையில் வேறொரு வேலையை முடித்திருந்தார். தகப்பனார் 1850களில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரத்தை 1907 முதல் 1912 வரை முழுக்க முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். பொலன்னறுவையில் பெல் தோண்டத் தொடங்கிய அதே 1907. ஒரு தம்பி மண்ணிலிருந்து வந்த சிவனைப் பற்றி எழுதினார். ஒரு அண்ணன் சிவனுக்குக் கல்லில் வீடு எழுப்பினார். இருவரும் இதைப் பற்றித் தமக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பம்.

எனவே என் திட்டத்தில் இரண்டாவது இடம் கொச்சிக்கடை. கொட்டாஞ்சேனைப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத பம்பலப்பிட்டி வீடு எது? அவர்களைப் பார்க்கப் போகும் ஒரு மாலையில் பொன்னம்பலவாணேஸ்வரத்துக்குள் போய், வழக்கமாகக் கும்பிடுவதோடு நிறுத்தாமல் கல்லைப் பார்க்க வேண்டும். அடித்தளத்தின் வரிகள் எப்படி ஓடுகின்றன, சுவரில் தூண் போலப் புடைத்து நிற்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வெளியே வெயில் எரிக்கும்போதும் உள்ளே ஏன் குளிர்கிறது, எண்ணெயும் கர்ப்பூரப் புகையும் கல்லை எப்படிக் கறுப்பாக்குகின்றன, மணி அடித்தால் சத்தம் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. பொலன்னறுவையில் நிற்கும் சோழர் கோயிலில் மணி இல்லை, ஓதுவார் இல்லை. அந்தச் சத்தத்தை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும்.

இனிப் பயணம். கொழும்பிலிருந்து பொலன்னறுவை 200 கிலோமீற்றருக்கு மேல். அம்பேபுஸ்ஸையில் கண்டி வீதியை விட்டுக் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை. அங்கிருந்து கிழக்கே மின்னேரியா ஊடாகப் பொலன்னறுவை. ஒரு வழிக்கு ஐந்து மணித்தியாலம் வைக்க வேண்டும். ஒருநாள் பயணம் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு வான் வாசலுக்கு வர வேண்டும், இரவு சாப்பாட்டுக்கு மேல்தான் வீடு. இரண்டு நாளாகப் போனால் என்ன என்று பலரும் கேட்பார்கள். அதற்கு வசதியும் விடுமுறையும் உள்ளவர்கள் போகட்டும். சனிக்கிழமை ரியூசன், ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை, திங்கட்கிழமை ஒவ்வீஸ் என்று ஓடும் பிளாட் வீட்டுக் குடும்பத்துக்கு ஒரு நாள் கிடைப்பதே பெரிய காரியம். அந்த ஒரு நாளில் பொலன்னறுவை முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பயணத்தைக் கெடுக்கிறது. அரண்மனைப் பகுதியிலிருந்து வடக்கே திவங்க பிலிமகே வரை கிலோமீற்றர் கணக்கில் பரந்து கிடக்கிற ஊர் அது. எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் மத்தியானத்துக்குள் களைத்து, செங்கல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே நான் நான்கு இடங்கள் மட்டும் வைத்திருக்கிறேன்: தலதா மளுவையில் உள்ள வேளைக்காரர் கல்வெட்டு, சிவன் கோயில்கள் இரண்டு, கல் விகாரை. மற்றவை வழியில் தென்பட்டால் பார்க்கலாம். தேடிப் போக வேண்டியதில்லை.

கல்வெட்டை முதலில் வைத்ததற்குக் காரணம் வெயில். கல்லில் வெட்டிய எழுத்து உச்சி வெயிலில் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சமாக இருக்கும். காலையில் சூரியன் சாய்ந்து அடிக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நிழல் விழும். எட்டு மணி அளவில் அங்கே நிற்பதற்காகத்தான் மூன்று மணிக்கு எழும்ப வேண்டும் என்கிறேன். அந்த வளாகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் வட்டதாகேயைப் பார்க்கப் போவார்கள், பிறகு கல்பொத்தவுக்கு. நிசங்கமல்லன் தன் பெருமைகளை எழுதுவித்த கல்பொத்த 8 மீற்றர் நீளம், 25 தொன் எடை. மிகிந்தலையிலிருந்து இழுத்து வந்ததாக அந்தக் கல்லே சொல்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் 9 வருடம் ஆண்ட ஒரு மன்னன் தன்னைப் பற்றித் தானே சொன்னதைவிட, அட்டதாகேயின் பக்கத்தில் நிற்கும் சிறிய கல் எனக்கு மேலானதாகத் தெரிகிறது. அதில் இருப்பது தமிழ்.

கதை இதுதான். 993 வாக்கில் இராசராசனின் படை அநுராதபுரத்தைப் பிடித்தது. 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். பொலன்னறுவை சோழரின் தலைநகராகி ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்றது. 1070 இல் விசயபாகு சோழரைத் துரத்திவிட்டு அதே ஊரிலிருந்து ஆண்டான். சோழர் போனார்கள், அவர்களோடு வந்த வேளைக்காரப் படை இருந்துவிட்டது, இப்போது சிங்கள மன்னனின் படையாக. சில வருடங்கள் கழித்து விசயபாகு சோழ நாட்டின் மேல் படை அனுப்ப நினைத்தபோது வேளைக்காரர் போக மறுத்துக் கிளர்ந்தார்கள், அரண்மனைக்கு நெருப்பு வைத்தார்கள், மன்னன் அவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. அதற்குப் பிறகும் அந்தப் படை கலைக்கப்படவில்லை. விசயபாகு 55 வருடம் ஆண்டு இறந்த பின், புத்தரின் தந்த தாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு அவர்களிடமே வந்தது. முகலன் என்ற மகாதேரர் கேட்டுக்கொள்ள, வேளைக்காரர் கூடி, தங்கள் மூத்தோரான வளஞ்சியரையும் நகரத்தாரையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கோயிலையும் அதன் ஊர்களையும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் தங்கள் குலம் உள்ளவரை காப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் தங்கள் பெயரையே வைத்தார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று தங்களுக்குள் இருந்த பிரிவுகளையும் எழுதினார்கள். மீறுகிறவனுக்குச் சாபமும் உண்டு.

இதை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போக வேண்டும். சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’, ஆ. வேலுப்பிள்ளை இலங்கைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி எழுதியவை, கா. இந்திரபாலாவின் ஆய்வுகள் என்று கையில் எடுக்க வேண்டியவை இருக்கின்றன. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பம்பலப்பிட்டியிலிருந்து நடந்தே போகலாம். வாசகத்தின் ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு போனால், கல்லில் உள்ளதையும் தாளில் உள்ளதையும் மாறி மாறிப் பார்க்கலாம். தொடக்கத்தில் வடமொழி, கிரந்த எழுத்து, அது பிடிபடாது. தமிழ் தொடங்கியதும் ஒரு பகரம் தெரியும், ஒரு டகரம் தெரியும், பிறகு ஒரு மகரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லைத் தானாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் போதும், அன்றைய நாளுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

இந்தக் கல்லை வைத்து யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்கப் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எங்கள் பக்கத்திலும் அந்த ஆசை உண்டு. சோழர் இங்கே வந்தது கோயில் கட்டுவதற்காக மட்டும் இல்லை. அநுராதபுரம் சூறையாடப்பட்டது, விகாரைகள் கொள்ளை போயின. அதை மறைத்துவிட்டுக் கோயிலை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால் அது பாதிப் படிப்பு. அதே போல, பொலன்னறுவையைச் சிங்கள மன்னர்களின் ஊர் என்று மட்டும் படித்த பிள்ளைக்கும் பாதிதான் கிடைத்திருக்கிறது. தந்த தாதுவைக் காக்கத் தமிழில் சத்தியம் செய்த படையும், அதைக் கேட்டு வாங்கிய பௌத்த தேரரும் ஒரே கல்லில் இருக்கிறார்கள். அந்தப் படைதான் சில பத்தாண்டுகள் முன்னால் அரண்மனையை எரித்தது. அவர்களும் நல்லவர் கெட்டவர் என்ற பெட்டிக்குள் அடங்காத மனிதர்கள். கந்தளாய்ப் பக்கத்துப் பளமோட்டைக் கல்வெட்டும் அதே விசயபாகுவின் காலத்தது: நங்கைசானி என்ற பிராமணப் பெண் ஒருத்தி சிவன் கோயிலுக்குத் தானம் கொடுக்கிறாள், கோயிலின் பெயர் விசயராச ஈஸ்வரம், மன்னனின் பெயரால், தானத்தைக் காப்பவர்கள் மறுபடி வேளைக்காரர். இப்படிப் பின்னிக் கிடக்கிற ஒரு காலத்தை, பின்னியபடியே பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். நாங்கள்தான் பயப்படுகிறோம்.

தலதா மளுவையை விட்டு இறங்கினால் அருகிலேயே முதலாம் இலக்கச் சிவன் கோயில். பாண்டிய பாணி, 13 ஆம் நூற்றாண்டு. சாந்து இல்லாமல் கல்லோடு கல் இழைத்துப் பொருத்திய வேலை. இரண்டு கல்லுக்கு நடுவில் விரல் நகம் நுழையாது. செங்கல்லால் ஆன மேற்பகுதி போய்விட்டது, சுவர் நிற்கிறது. பெல் கண்டெடுத்த வெண்கலங்களில் முக்கியமானவை இங்கிருந்து வந்தவை. நூதனசாலையில் பார்த்த உருவங்களை இந்த வாசலில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வைக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

அங்கிருந்து வடக்கே, பழைய நகர மதிலை ஒட்டி, இரண்டாம் இலக்கம். உண்மையான பெயர் வானவன் மாதேவி ஈஸ்வரம். சோழ அரசி ஒருத்தியின் பெயர். பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. அடியிலிருந்து உச்சி வரை கல். அதனால்தான் முழுசாக இருக்கிறது. சிறியது. தஞ்சாவூரை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஊர்ப் பிள்ளையார் கோயில் அளவுதான். ஆனால் அந்தச் சிறு அளவுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியே நந்திகள். உள்ளே லிங்கம் இருக்கிறது. சுவரில் அதிராசேந்திரன் காலத் தமிழ்ச் சாசனம் இருக்கிறது. அவன் ஆண்டது சொற்ப காலம், அவன் நாட்களோடு இந்த ஊரில் சோழர் ஆட்சியும் முடிந்தது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. துரத்திய மன்னனும் இடிக்கவில்லை. அவனுக்குப் பின் வந்த பராக்கிரமபாகுவும் இடிக்கவில்லை. 950 வருடம் வெயிலும் காடும் தின்றது போக மிச்சம் இவ்வளவு என்றால், நடுவில் பலர் அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

பெரியம்மாவுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இந்தக் கோயில்தான். சொன்னேனும். “சிவன் கோயில் இருக்கா? லிங்கமும் இருக்கா?” என்று இரண்டு தரம் கேட்டார். “அப்ப வில்வம் கொண்டுபோகலாமே” என்றார். கொண்டுபோகலாம். தொல்பொருள் திணைக்களத்தின் இடம் என்பதால் எண்ணெய் ஊற்றவோ கர்ப்பூரம் கொளுத்தவோ கூடாது, கல்லுக்குக் கேடு. பூவும் இலையும் வைத்துக் கும்பிட்டு, ஒரு தேவாரம் பாடிவிட்டு வரலாம். மெல்லப் பாடினாலும் அந்தச் சின்னக் கருவறையில் நிறையும் என்று நினைக்கிறேன். கொச்சிக்கடையில் கேட்ட சத்தத்துக்கு இங்கே வேலை.

கல் விகாரைக்குக் கடைசியில் போக வேண்டும், வேறு எதையும் மனதில் வைக்காமல். ஒரே கற்பாறையில் பராக்கிரமபாகு வெட்டுவித்த நான்கு உருவங்கள். கிடக்கும் புத்தர் 14 மீற்றர் நீளம், நிற்பவர் 7 மீற்றர் உயரம். நிற்பவர் கைகளை மார்பில் குறுக்கே வைத்திருப்பதால் அவர் புத்தரா, துயருறும் ஆனந்தரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கல்லின் இயற்கையான வரிகள் முகத்தின் குறுக்கே, மார்பின் குறுக்கே நீர் ஓடியது போல ஓடுகின்றன. சிற்பி அவற்றுக்கு இடம் விட்டே வெட்டியிருக்கிறான். கிடப்பவரின் தலை பட்ட இடத்தில் தலையணை கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. கருங்கல்லில் பஞ்சின் அமுக்கத்தைக் காட்டிய அந்தக் கையை நினைத்தால் எனக்குப் பேச வராது. பக்திக்கு மதம் கேட்கிறவர்கள் இந்தத் தலையணையை ஒருதரம் பார்க்க வேண்டும். இங்கே புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் வானிலேயே சொல்லி வைக்க வேண்டும். காவலர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய மரியாதை இல்லை அது.

சில வீட்டுக் காரியங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் பத்து மணிக்குப் பிறகு கல் சுடும். தடிப்பான காலுறை ஒரு சோடி எல்லோருக்கும் வேண்டும், பெரியவர்களுக்குக் கட்டாயம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. தேங்காய்ச் சம்பல் மத்தியானம் வரை தாங்காது, புளிச்சோறும் வடையும் தாங்கும். பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டுப் பக்கம் மர நிழலில் இருந்து சாப்பிடலாம், ஆனால் குரங்குகளுக்கு முன்னால் பொதியை அவிழ்க்காதீர்கள். மார்கழி, தை மழைக் காலத்தையும் போயா நாட்களையும் தவிர்த்தால் நல்லது. ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் நடுவில் யானை வீதிக்கு வரும். பழம் போட வானை நிறுத்த வேண்டாம், அது யானைக்கும் கேடு, பின்னால் வருகிறவர்களுக்கும் கேடு. எல்லாவற்றையும் விட முக்கியம், வான் ஓட்டுகிற தம்பி. மூன்று மணிக்கு எழும்பியவர் அவர். நாங்கள் கல்லைப் பார்க்கும் நேரம் அவர் நிழலில் வண்டியை விட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்று முதலே பேசிக்கொள்ள வேண்டும். “நீங்களும் வாங்கோ தம்பி, வந்து பாருங்கோ” என்று அன்பாக இழுத்துக்கொண்டு போய் அவருடைய நித்திரையைக் கெடுக்கக் கூடாது. திரும்பும்போது குருநாகலில் ஒரு பிளேன்ரீக்கு நிறுத்தினால் போதும்.

பயணம் முடிந்த பிறகு அடுத்த கிழமை மறுபடி நூதனசாலைக்குப் போவதையும் திட்டத்தில் வைத்திருக்கிறேன். கருவறையைப் பார்த்த கண்ணோடு சுந்தரரைப் பார்க்க வேண்டும். போகிற போக்கில் காலியில் 1911 இல் கிடைத்த மும்மொழிக் கல்லையும் பார்க்கலாம்; சீனத் தளபதி செங் ஹோ நாட்டுவித்தது, சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே பலகையில்.

எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, நூதனசாலைத் திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் நினைத்தால் நடக்கக்கூடியது. வெண்கலங்களைத் திருப்பிக் கொண்டுபோய்க் கோயிலில் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாதுகாப்பும் ஈரப்பதமும் எனக்கும் புரியும். ஒவ்வொரு கருவறை வாசலிலும் அங்கிருந்து எடுத்த உருவங்களின் நல்ல படம் ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரோடும், இப்போது எங்கே இருக்கின்றன என்ற குறிப்போடும் இருக்கட்டும். கொழும்பில் ஒவ்வொரு உருவத்தின் காலடியிலும் அது கிடந்த இடத்தைக் காட்டும் படம் இருக்கட்டும். வானவன் மாதேவி ஈஸ்வரத்துக்கு அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதட்டும், இலக்கத்தை அடியில் சிறிதாகப் போட்டுக்கொள்ளலாம். பொலன்னறுவையில் உள்ள பாடசாலைப் பிள்ளை கொழும்புக்கும், பம்பலப்பிட்டிப் பிள்ளை பொலன்னறுவைக்கும் ஒருநாள் வந்துபோக அரசு ஒரு பஸ் விடலாம். அந்தப் பஸ்ஸில் பெரியம்மாக்களுக்கும் இடம் கேட்பேன்.